கை நீளம்

எங்கள் நாலு பேரில் எனக்குத்தான் கை நீளம்.
(வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள்,
திருட்டுப் பழக்கம் கிடையாது.)
அதனால் போன் என்னிடம் வரும்.
எல்லாப் படத்திலும் என் முகம்தான் பெரிசு,
பாதி நெற்றி இல்லாமல்.
பார்க்கிறவர்கள் நான்தான்
எல்லாரையும் கூட்டிப்போனேன் என்று நினைப்பார்கள்.

நண்டுக் கம்பெனி வாசலில் போனை வாங்கி
டப்பாவில் போட்டுப் பூட்டிவிடுவார்கள்.
எட்டு மணி நேரம் ஓடு உடைத்து
சதையை நார் நாராய்ப் பிரித்து ஐஸில் அடுக்கிவிட்டு
வெளியே வந்து கட்டைவிரலை வைத்தால்
போனுக்கு என்னைத் தெரிவதில்லை.
ரேகை தேய்ஞ்சுபோச்சுடி, மூஞ்சியைக் காட்டு
என்றாள் ரமீசா.
மூஞ்சிக்குத் திறந்தது.

தடைக்காலம். மண்டபம் கரையில்
விசைப்படகுகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.
கம்பெனியில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை.
சுந்தரமுடையானில் பஸ்ஸை விட்டிறங்கி
அரியமான் கடற்கரைக்கு நடந்தோம்,
ரமீசா, ஜெனோவா, நம்புநாயகி, நான்.
சவுக்கு நிழலில் நின்றால்
கச்சான் காற்று முந்தானையைப் பிடுங்குகிறது.

ஒட்டி நில்லுங்கடி என்றேன்.
ஒட்டினார்கள்.
சொந்த வீட்டில் யாரோடும் நாங்கள்
அவ்வளவு ஒட்டி நின்றதில்லை.
நம்புவின் கன்னம் என் தோளில்,
அவள் கையில் குச்சி ஐஸ்
உருகி மணிக்கட்டு வரை வழிந்திருந்தது.
ஒன்பது தரம் எடுத்தோம்.
எட்டில் ஜெனோவா கண்ணை மூடியிருந்தாள்.
மூடாததை ஸ்டேட்டஸில் வைத்தாள்.

அந்த வாரம் நம்பு குழுப்பணம் கட்டவில்லை.
வீட்டில் அரிசி இல்லை என்று சொல்லியிருந்தாள்.
பொய் இல்லை அது.
குழுத்தலைவி காளிமுத்தம்மா
இரண்டு விரலால் படத்தை விரித்தாள்.
எங்கள் நாலு முகமும் ஓரத்துக்குப் போய்
ஐஸ் மட்டும் நடுவில் நின்றது.
"அரிசிக்கு இல்லாத காசு இதுக்கு இருக்குதாக்கும்."
இருபது பேர் உட்கார்ந்திருந்த கூட்டம்.

அந்த ஐஸ் நான் வாங்கிக்கொடுத்தது.
இருபது ரூபாய்.
படத்தில் அது தெரியாது.
சொல்லியிருக்கலாம்.
எனக்கும் இரண்டு வாரத் தவணை பாக்கி.
நீளமான கை
மடியில் சுருண்டு கிடந்தது.

இப்போது நம்பு கடைசி மேசையில் நண்டு உடைக்கிறாள்.
ஜெனோவா படத்தை அழித்துவிட்டு அழுதாள்.
ஒரு நாளில் தானாகப் போயிருக்கும், எதுக்கு அழிச்சே
என்று கேட்டேன்.
வேறென்ன கேட்பது என்று தெரியவில்லை.

ஐப்பசியில் பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
அதைப் படம் எடுத்து வைத்தேன்.
சிவந்த நண்டுக் கொடுக்கு ஒன்றை வைத்தேன்.
மழையில் நனையும் பஸ் ஸ்டாண்ட் நாயை.
பார்த்தவர்கள் பட்டியலில் ஒவ்வொரு தடவையும்
நம்புநாயகிதான் முதல்.
இரண்டு நிமிடம், நாலு நிமிடம்.
எதிரே வந்தால் சேலை மடிப்பைச் சரிசெய்கிறாள்.
ஒரு நாள் குச்சி ஐஸ் பிடித்துக்கொண்டு
என் முகத்தையே எடுத்து, கீழே
"இருபது ரூபாய், நான் கொடுத்தது" என்று எழுதினேன்.
காளிமுத்தம்மாவும் பார்ப்பாள் என்று தெரியும்.
அதற்காகத்தான் எழுதினேன்.
ஆறு மாதம் பிந்தி.

அதையும் நம்பு பார்த்தாள்.
ஒன்றும் எழுதவில்லை.

நேற்று சாயங்காலம் டப்பா வரிசையில்
அவளுக்குப் பின்னால் நான்.
போனை வாங்கிக் கட்டைவிரலை வைத்தாள்,
துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள்.
பிறகு முகத்துக்கு நேரே தூக்கினாள்.
கறுத்த கண்ணாடியில் அவள்,
அவள் தோளுக்கு மேல் நான்,
சின்னதாக,
முழு நெற்றியோடு.
அவளும் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன்.
அதற்குள் போன் திறந்துகொண்டது.